நாற்று இனங்காணல்

நாற்று இனங்காணல் என்பது, பெயர்ச்சீட்டு இல்லாமல் முளைத்து நிற்கும் ஓர் இளஞ்செடி எந்தத் தாவரத்தைச் சேர்ந்தது என்பதை, அதன் உறுப்புகளைக் கொண்டும் அது முளைத்த சூழலைக் கொண்டும் அறிவதாகும். வளர்ந்த தாவரங்கள் பெரும்பாலும் பூ, காய் ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டு இனங்காணப்படுகின்றன. நாற்றில் இவை இரண்டும் இல்லை. எனவே வித்திலை, தண்டு, முதல் இலைகள், மயிர், மணம், சாறு போன்றவையே சான்றுகளாகின்றன. இச்சான்றுகள் தாவரத்தின் குடும்பத்தை விரைவாகவும், இனத்தைச் சற்றுத் தாமதமாகவும் காட்டுகின்றன. ஓர் இனத்துக்குள் உள்ள பயிர் வகைகளை அவை பெரும்பாலும் காட்டுவதில்லை.

தேவை

வீட்டுத் தோட்டத்தில் பெயர் தெரியாத நாற்றுகள் பல வழிகளில் தோன்றுகின்றன. பெயர்ச்சீட்டு தொலைந்து போதல், எழுத்து அழிந்து போதல், குழித்தட்டுகள் இடம் மாறுதல் ஆகியன பொதுவான காரணங்கள். சமையலறைக் கழிவிலிருந்து செய்த மட்கிய உரத்தில் தக்காளி, மிளகாய், பூசணி, பப்பாளி ஆகியவற்றின் விதைகள் அழியாமல் தங்கி, உரம் இட்ட இடத்தில் முளைப்பதுண்டு. வேம்பு, கோவை, ஆல் போன்றவற்றைப் பறவைகள் கொண்டுவருகின்றன. எருக்கு விதைகள் காற்றில் வந்து சேர்கின்றன.

நாற்றுப் பருவத்தில் செய்யும் தவறு பெரும்பாலும் திருத்த முடியாதது. களை என்று எண்ணிப் பிடுங்கிய பயிர் மீண்டும் வேர்பிடிப்பது அரிது. ஆடிப்பட்டத்தில் விதைத்த மிளகாய் நாற்று நடவுக்கு ஏற்ற நிலையை அடைய ஏறத்தாழ 40 முதல் 45 நாட்கள் ஆகும். இடையில் அதை இழந்தால் பட்டம் தவறிவிடும். மறுபுறம், பயிர் என்று எண்ணி விட்டுவைத்த செடி நச்சுத் தாவரமாகவும் இருக்கலாம்.

நாற்றின் உறுப்புகள்

வித்திலை

விதைக்குள் முளைக்கருவுடன் இருக்கும் முதல் இலை வித்திலை எனப்படும். நெல், சோளம், வெங்காயம் போன்றவை ஒருவித்திலைத் தாவரங்கள். அவரை, கத்தரி, பூசணி போன்றவை இருவித்திலைத் தாவரங்கள். வித்திலையின் வடிவம் பெரும்பாலும் பின்னர் வரும் இலையின் வடிவத்தை ஒத்திராது. தக்காளியின் இலை பல பிளவுகளைக் கொண்டது. அதன் வித்திலையோ பிளவற்று ஈட்டிமுனை போல் ஒடுங்கியிருக்கும். ஆகவே வளர்ந்த செடியின் இலையை மனத்தில் கொண்டு வித்திலையைப் பார்ப்பவர் எளிதில் ஏமாறுவார்.

வித்திலை மண்ணுக்கு மேலே வருகிறதா என்பதும் ஒரு சான்று. ஆமணக்கு, புளி, அவரை, பச்சைப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு ஆகியவற்றில் வித்திலைகள் தரைக்கு மேலே உயர்த்தப்படுகின்றன. இது தரைமேல் முளைத்தல் ஆகும். துவரை, கொண்டைக்கடலை, பட்டாணி, மா ஆகியவற்றில் அவை மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. இது தரைகீழ் முளைத்தல் ஆகும். இதனால் துவரையும் தட்டைப்பயறும் கலந்து விதைக்கப்பட்ட பாத்தியில், முளைத்த சில நாட்களுக்குள் இரண்டையும் பிரித்தறியலாம்.

வித்திலைக் கீழ்த்தண்டு

வேருக்கும் வித்திலைக்கும் இடைப்பட்ட தண்டுப்பகுதி வித்திலைக் கீழ்த்தண்டு எனப்படும். இதன் நிறம், தடிப்பு, மயிர் ஆகியன கவனிக்கத்தக்கவை. ஊதா நிறம் ஆந்தோசயனின் என்னும் நிறமியால் ஏற்படுகிறது. குளிர், ஊட்டக்குறைவு போன்றவையும் இந்நிறத்தைக் கூட்டக்கூடும். ஆகவே நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

உண்மை இலைகள்

வித்திலைகளுக்குப் பின் தோன்றுபவை உண்மை இலைகள் எனப்படும். இவற்றிலும் முதல் ஓரிரு இலைகள் முதிர்ந்த இலைகளிலிருந்து வேறுபடலாம். பச்சைப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு ஆகியவற்றில் முதல் இணை தனியிலைகளாக எதிரெதிரே தோன்றும். அதன் பின்னரே மூன்று சிற்றிலைகள் கொண்ட கூட்டிலைகள் வரும். வெந்தயத்தின் முதல் இலையும் தனியிலையே. பப்பாளியின் முதல் இலைகளில், முதிர்ந்த இலையில் காணப்படும் ஆழமான பிளவுகள் இரா. பலாவில் இதற்கு மாறாக, முதிர்ந்த இலை பிளவற்றதாக இருக்க, இளஞ்செடியின் இலைகள் பிளவுபட்டிருப்பதுண்டு.

இனங்காணும் படிமுறை

1. முளைத்த இடத்தைப் பார்த்தல். ஒரே நேர்க்கோட்டில், ஒரே ஆழத்திலிருந்து, ஏறத்தாழ ஒரே நாளில் முளைத்தவை விதைக்கப்பட்டவையாக இருக்க வாய்ப்பு மிகுதி. பாத்தி முழுவதும் சிதறி, நடைபாதையிலும் முளைத்திருப்பவை பெரும்பாலும் களைகள்.

2. முளைத்த நாளைக் கணக்கிடல். முள்ளங்கி 3 அல்லது 4 நாட்களில் முளைத்துவிடும். கொத்தமல்லிக்கு 8 முதல் 15 நாட்கள் ஆகலாம். கொத்தமல்லி விதைத்த பாத்தியில் மூன்றாம் நாள் தோன்றும் பசுமை கொத்தமல்லியாக இருத்தல் அரிது.

3. விதையுறையைத் தேடல். சில நாற்றுகளில் விதையுறை வித்திலையின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் அது மண்ணின் மேற்பரப்பிலேயே கிடக்கும். நாற்றைப் பிடுங்காமல் அதை எடுத்துப் பார்க்க இயலும். முழு விதை கையில் இருப்பதற்கு அடுத்தபடியாக நம்பத்தக்க சான்று இதுவே.

4. வித்திலையைக் கொண்டு குடும்பத்தை ஊகித்தல்.

5. இரண்டு அல்லது மூன்று உண்மை இலைகள் தோன்றும் வரை காத்திருந்து, இலையமைவு, விளிம்பு, மயிர், மணம் ஆகியவற்றை நோக்கல்.

6. ஒப்பிடல். ஐயத்துக்குரிய விதைகளில் எஞ்சியவற்றை வேறொரு தொட்டியில் பெயருடன் விதைத்து, முளைத்தபின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நூற்படங்களை விடப் பயன் தரும். ஒளி, நீர், மண் ஆகியவற்றுக்கேற்ப நாற்றின் தோற்றம் மாறும். ஒரே தோட்டத்தில் வளர்ந்த ஒப்பீட்டு நாற்றுக்கு இக்குறை இல்லை.

குடும்பவாரி அடையாளங்கள்

கத்தரிக் குடும்பம்: வித்திலைகள் ஒடுங்கி, முனை கூர்ந்து, பிளவின்றி இருக்கும். தக்காளியின் முதல் உண்மை இலையிலேயே பிளவுகள் தோன்றிவிடும்; தண்டில் மென்மயிர் உண்டு; தேய்த்து முகர்ந்தால் தக்காளிச் செடிக்கே உரிய மணம் வரும். கத்தரியின் இலை பிளவற்று அகன்றிருக்கும். கைவில்லையால் பார்த்தால் விண்மீன் வடிவ மயிர்கள் தெரியும். மிளகாயின் இலை பிளவற்றது; பெரும்பாலும் மயிரின்றி வழவழப்பாக இருக்கும்.

பூசணிக் குடும்பம்: வித்திலைகள் பெரியவை, தடித்தவை, நீள்வட்டமானவை. பூசணி, சுரை, பீர்க்கு, புடல் ஆகியவற்றை வித்திலைப் பருவத்தில் பிரித்தறிவது கடினம். இங்கு விதையுறை பெரிதும் உதவும். பீர்க்கின் விதை கருநிறமானது. புடலின் விதை அலை போன்ற தடித்த விளிம்புடையது. சுரையின் விதை நீண்டு, ஒரு முனையில் இரு மூலைகள் கொண்டது. உண்மை இலை வந்தபின், சுரையை அதன் பட்டுப்போன்ற மென்மயிராலும், தர்ப்பூசணியை அதன் ஆழப் பிளந்த இலைகளாலும் அறியலாம்.

கடுகுக் குடும்பம்: வித்திலைகள் நுனியில் உட்குழிந்து, தலைகீழான இதய வடிவில் இருக்கும். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோசு யாவும் இவ்வடிவம் கொண்டவை. முள்ளங்கியின் வித்திலைகள் இவற்றுள் பெரியவை; அதன் உண்மை இலைகள் மயிருடன் சொரசொரப்பாக இருக்கும்.

கொத்தமல்லிக் குடும்பம்: வித்திலைகள் குறுகி நீண்டு, புல்லைப் போல் தோன்றும். ஆனால் அவை இரண்டாக இருப்பதால் புல்லினத்திலிருந்து வேறுபடுத்தலாம். கொத்தமல்லியின் விதை எனப்படுவது இரு பகுதிகள் கொண்ட கனியாகும். எனவே ஒரே இடத்திலிருந்து இரு நாற்றுகள் முளைப்பதுண்டு.

கீரைத்தண்டுக் குடும்பம்: முளைக்கீரை, தண்டுக்கீரை முதலியவற்றின் வித்திலைகள் சிறியவை, ஒடுங்கியவை, அடிப்புறம் பெரும்பாலும் செந்நிறம் படர்ந்திருக்கும். முதல் உண்மை இலைகளின் நுனியில் சிறு வெட்டு காணப்படும். முள்ளுக்கீரையின் முட்கள் பின்னரே தோன்றுவதால், மிக இளம் பருவத்தில் அதைப் பிரித்தறிவது கடினம்.

கோவளைக் கொடிகளின் குடும்பம்: வள்ளைக்கீரை உள்ளிட்ட பல கொடிகளின் வித்திலைகள் நடுவில் ஆழப் பிளந்து, விரித்த சிறகுகள் போல் இருக்கும். தோட்டத்தில் மிக எளிதாக இனங்காணத்தக்க வித்திலைகளுள் இதுவும் ஒன்று.

வெங்காயம்: ஒற்றை வித்திலை கொக்கி போல் வளைந்து மண்ணைப் பிளந்துகொண்டு வரும். நிமிர்ந்தபின் அதன் நுனியில் கருநிற விதையுறை சில நாட்கள் தொங்கும்.

ஒத்த தோற்றமுள்ள நாற்றுகள்

கத்தரியும் ஊமத்தையும்: இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஊமத்தையின் வித்திலைகள் தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் வித்திலைகளை விடத் தெளிவாக நீண்டவை. விதையுறை அவற்றின் நுனியில் ஒட்டியிருப்பதுண்டு. கசக்கினால் விரும்பத்தகாத வீச்சம் எழும். கத்தரியில் உள்ள விண்மீன் வடிவ மயிர்கள் ஊமத்தையில் இல்லை. ஊமத்தையின் எல்லா உறுப்புகளும் நச்சுத்தன்மை கொண்டவை.

பருப்புக்கீரையும் சித்திரப்பாலாடையும்: இரண்டும் தரையோடு படர்பவை, செந்தண்டு உடையவை. பருப்புக்கீரையின் இலை நீர்ச்சத்து நிறைந்து தடித்திருக்கும். ஒடித்தால் நிறமற்ற நீரே வரும். சித்திரப்பாலாடையை ஒடித்தால் வெண்பால் வடியும். பால் வடிவதை உண்ணத்தக்க கீரையாகக் கொள்ளலாகாது.

வேம்பும் மலைவேம்பும்: வேம்பில் சிற்றிலைகள் ஒரே காம்பின் இருபுறமும் அமைந்த கூட்டிலை காணப்படும். மலைவேம்பில் காம்பு மீண்டும் கிளைத்துச் சிற்றிலைகளைத் தாங்கும். மிக இளம் நாற்றுகளில் இவ்வேறுபாடு முழுமையாக வெளிப்படாது.

பார்த்தீனியம்: ஆழமாக வெட்டுண்ட இலைகளால் இது தோட்டச் செடிகளுடன் குழப்பப்படுவதுண்டு. துலுக்கச் சாமந்தியின் இலையைக் கசக்கினால் வரும் கடுமணம் இதில் இல்லை. பார்த்தீனியம் தோல் ஒவ்வாமையையும் மூச்சுக் கோளாறுகளையும் உண்டாக்க வல்லது. எனவே ஐயத்துக்குரிய நாற்றைக் கையுறையின்றிக் கசக்கிப் பார்த்தல் கூடாது.

களை எடுத்தலும் உருவொப்புமையும்

நாற்றுகளைக் கண்ணால் இனங்காண்பதன் வரம்பை நெல் வயல் நன்கு விளக்குகிறது. நெல் நாற்றையும் அதனுடன் முளைக்கும் நெற்சக்களத்தி என்னும் புல்லையும் தொலைவிலிருந்து பார்த்துப் பிரிப்பது கடினம். இலைப்பரப்பும் இலையுறையும் சேரும் இடத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். நெல்லில் அவ்விடத்தில் சிறுநா போன்ற வெண்சவ்வும், காது போன்று வளைந்த மயிர் விளிம்புள்ள இரு சிறு உறுப்புகளும் உண்டு. நெற்சக்களத்தியில் இவை இரண்டும் இல்லை.

இவ்வொப்புமை தற்செயலானது அன்று. களை எடுப்போர் நெல்லிலிருந்து வேறுபட்டுத் தெரியும் செடிகளைப் பிடுங்கிவிடுகின்றனர். நெல்லைப் போல் நிமிர்ந்து வளர்பவை தப்பி, விதை உதிர்க்கின்றன. தலைமுறை தலைமுறையாக இது தொடரும்போது களை பயிரின் தோற்றத்தைப் பெறுகிறது. உருசியத் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவின் பெயரால் இது வாவிலோவிய உருவொப்புமை எனப்படுகிறது. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் உள்ள நெற்சக்களத்திகளின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, நெல்லை ஒத்த வடிவங்கள் ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியவை என மதிப்பிட்டது. கண்ணுக்கு எளிதில் புலப்படும் அடையாளமே களையெடுப்பில் முதலில் நீக்கப்படுகிறது என்பதால், நெருங்கிப் பார்க்க வேண்டிய சிறு உறுப்புகளே நம்பத்தக்க சான்றுகளாக எஞ்சுகின்றன.

நாற்றில் அறிய இயலாதவை

பின்வருவனவற்றை நாற்றின் தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

• பயிர் வகை. காரமான மிளகாயும் காரமற்ற குடைமிளகாயும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். அவற்றின் நாற்றுகள் வேறுபட்டுத் தெரிவதில்லை. முட்டைக்கோசு, பூக்கோசு, நூல்கோல் ஆகிய மூன்றும் ஒரே இனத்தின் வகைகளே. வித்திலைப் பருவத்தில் இவற்றைப் பிரிக்க இயலாது.

• பப்பாளியின் பால். ஆண், பெண் மரங்கள் தனித்தனியாக உள்ள வகைகளில், பூக்கும் வரை பாலைக் கண்ணால் அறிய முடியாது. இதனாலேயே ஒரு குழியில் ஒன்றுக்கு மேற்பட்ட நாற்றுகளை நட்டு, பூத்தபின் மிகையான ஆண் மரங்களை நீக்குகின்றனர்.

• காயின் கசப்பு. பூசணிக் குடும்பத்தில் கசப்பையும் நச்சுத்தன்மையையும் தரும் குக்கர்பிட்டசின்கள் நாற்றின் வடிவத்தில் வெளிப்படுவதில்லை. அயல் மகரந்தச் சேர்க்கையால் உண்டான விதையிலிருந்து தானாக முளைத்த கொடி, பார்வைக்கு இயல்பான கொடியாகவே இருக்கும்.

விதிவிலக்காக, சில பண்புகள் நாற்றிலேயே தெரியும். தக்காளியில் வித்திலைக் கீழ்த்தண்டின் ஊதா நிறத்தை இல்லாமற் செய்யும் ஒரு மரபணு உண்டு. பசுந்தண்டுடைய தாயையும் ஊதாத் தண்டுடைய தந்தையையும் கலந்தால், கலப்பின நாற்றுகள் ஊதாத் தண்டுடன் முளைக்கும். பசுந்தண்டுடன் முளைப்பவை தன்மகரந்தச் சேர்க்கையால் வந்தவை என அறிந்து நீக்கலாம். விதை உற்பத்தியில் தூய்மையைச் சோதிக்க இது பயன்படுகிறது.

உண்பதில் எச்சரிக்கை

நாற்றுப் பருவத்தில் செய்த இனங்காணலை மட்டும் நம்பி எதையும் உண்ணலாகாது. 2022 திசம்பரில் ஆத்திரேலியாவில், விற்பனைக்கு வந்த இளங்கீரையில் ஊமத்தைப் பேரினத்தைச் சேர்ந்த களை கலந்திருந்ததால், அதை உண்ட பலர் மனக்குழப்பம், இதயத் துடிப்பு மிகுதல், பார்வை மங்கல் முதலிய அறிகுறிகளுக்கு உள்ளாயினர். தொழில்முறையாகப் பயிரிடப்பட்ட வயலிலேயே இது நேர்ந்தது.

தானாக முளைத்த சுரை, பூசணி, வெள்ளரி ஆகியவற்றின் காயைச் சமைப்பதற்கு முன் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் உடனே துப்பிவிட்டுக் காயை எறிந்துவிட வேண்டும். சமைப்பதால் இந்நச்சு நீங்குவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவும், கசக்கும் சுரைக்காய்ச் சாற்றை அருந்தலாகாது என அறிவுறுத்தியுள்ளது. பாகற்காயின் இயல்பான கசப்பு வேறு சேர்மங்களால் ஏற்படுவது. அதற்கு இவ்விதி பொருந்தாது.

ஆய்வு வரலாறு

வித்திலைகளின் எண்ணிக்கையைக் கொண்டு பூக்கும் தாவரங்களைப் பிரிக்கும் முறையை 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய இயற்கையியலாளர் சான் ரே முன்வைத்தார். சார்லசு டார்வின் தம் மகன் பிரான்சிசுடன் இணைந்து 1880இல் வெளியிட்ட தாவர அசைவுகள் பற்றிய நூலில், பூசணி நாற்றின் அடித்தண்டில் உண்டாகும் சிறு முளை போன்ற உறுப்பு விதையுறையைப் பிடித்துக்கொள்ள, வித்திலைகள் அதிலிருந்து வெளியேறுவதை விளக்கினார். டார்வினின் அண்டை வீட்டினரும் வங்கியாளருமான சான் லப்பக், பல குடும்பங்களின் நாற்றுகளை வளர்த்து ஆராய்ந்து 1892இல் இரு தொகுதிகளாக நூல் வெளியிட்டார்.

கணினி வழி இனங்காணல்

2009இல் தாவரங்களுக்கான டி.என்.ஏ. பட்டைக்குறிகளாக இரு பசுங்கணிக மரபணுப் பகுதிகள் பரிந்துரைக்கப்பட்டன. சிறு இலைத்துண்டு போதும் என்பதால் நாற்றுக்கும் இம்முறை பொருந்தும். ஆயினும் நெருங்கிய இனங்களை இது எப்போதும் பிரித்துக் காட்டுவதில்லை.

ஒளிப்படத்தைக் கொண்டு தாவரத்தின் பெயரைக் கூறும் செயலிகள் இன்று பரவலாக உள்ளன. பூவும் முதிர்ந்த இலையும் உள்ள படங்களில் இவை சிறந்து விளங்குகின்றன; வித்திலை மட்டும் உள்ள படங்களில் தவறுகள் மிகுதி. டென்மார்க்கைச் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் 2017இல் வெளியிட்ட நாற்றுப் படத்தொகுப்பில், 12 இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 960 செடிகள் பல்வேறு வளர்ச்சி நிலைகளில் இடம்பெற்றன. அதைக் கொண்டு பயிற்றப்பட்ட நிரல்கள் பெரும்பாலான இனங்களைச் சரியாகப் பிரித்தபோதும், இரு புல்லினக் களைகளைத் தமக்குள் அடிக்கடி மாற்றிக் கூறின. மனிதக் கண் தடுமாறும் இடத்திலேயே நிரலும் தடுமாறியது. எனவே செயலி தரும் பெயரை முடிவாகக் கொள்ளாமல், சரிபார்க்க வேண்டிய ஊகமாகக் கொள்வதே தகும்.

பெயரிடும் முறைகள்

இனங்காண வேண்டிய நிலை வராமல் தடுப்பதே எளிது. மையால் எழுதிய எழுத்து வெயிலில் வெளிறிவிடும். பென்சிலின் காரீயம் வெயிலில் வெளிறுவதில்லை. சொரசொரப்பான நெகிழிப் பட்டையில் பென்சிலால் எழுதியது நீண்ட நாள் நிற்கும். மரக்குச்சிகள் ஈரத்தில் மட்கும். குழித்தட்டின் ஒரு மூலையைக் குறியிட்டு, எந்த வரிசையில் எது விதைக்கப்பட்டது என்பதை விதைத்த நாளுடன் குறிப்பேட்டில் வரைந்து வைத்தால், சீட்டு தொலைந்தாலும் சான்று தொலையாது. ஒவ்வொரு விதையிலும் ஒன்றிரண்டை உறையிலேயே மீதம் வைப்பதும் பின்னர் விதையுறையுடன் ஒப்பிட உதவும்.

இவற்றையும் பார்க்க

• வித்திலை
• விதை முளைத்தல்
• களை
• ஊமத்தை
• வாவிலோவிய உருவொப்புமை